சாவி கேட்டவன்

விடிகாலை ஐந்து மணிக்கு உலையைச் சுரண்டப் போகிறவன் முதலில் தலையைத்தான் உள்ளே கொடுக்க வேண்டும். அடிக்கதவு திறந்து தொங்கும். அதன் வழியாக உள்ளே எழுந்து நின்றால் இரண்டு தோளும் சுவரில் உரசும். முந்தின நாள் இரும்பு உருகியபோது வழிந்த கசடு சுவரெங்கும் கண்ணாடிச் சில்லாக ஒட்டியிருக்கும். சூடும் முழுசாக ஆறியிருக்காது. காளிச்சாமி இடுப்பில் ஒரு கோணித்துண்டோடு அதற்குள் நின்று, உளியும் சுத்தியலுமாக ஒரு மணி நேரம் கசடு உடைப்பான். பிறகு களிமண்ணைக் குழைத்துக் கையாலேயே சுவர் முழுக்க அப்புவான். வெளியே வந்து காறித் துப்பினால் எச்சில் கறுப்பாக விழும். அடிக்கதவைத் தூக்கி மூடி, கீழே முட்டுக்கம்பி கொடுத்து நிறுத்தி, விறகும் கரியும் நிரப்பிக் கொள்ளி வைத்த பிறகுதான் அன்றைய பொழுது தொடங்கும். மற்றவர்களுக்குக் கோழி கூவி விடியும். சிங்காநல்லூர் குளத்துக்குக் கிழக்கே இருந்த அந்த இரும்பு வார்க்கிற பவுண்டரிக்காரர்களுக்குக் காளிச்சாமி இருமி விடிந்தது.

அவன் மனைவி சின்னாத்தாளுக்கும் அங்கேதான் வேலை. பம்புசெட்டின் உடம்பை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓட வழி விட வேண்டும் அல்லவா, அந்த வழிக்காக மணலையும் எண்ணெயையும் பிசைந்து அச்சுப் பிடித்துச் சுட்டு வைப்பார்கள். அதற்குக் கோர் என்று பெயர். அவளையும் தெய்வாத்தாளையும் சேர்த்து ஒன்பது பெண்கள் காலை ஆறு மணிக்குக் கோர் பிடிக்க உட்கார்வார்கள். அந்த ஒன்பது பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. முந்தின நாள் சோற்றோடு குடித்த தண்ணீர்தான். அதற்குப் பிறகு வேலை முடிகிற வரைக்கும் நாக்கில் சொட்டுத் தண்ணீர் படாது. சித்திரை வெயிலில், உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இது எந்தச் சாமிக்கு இருக்கிற விரதம் என்று கேட்டால், போர்மேன் நரசிம்மலுவின் இடுப்பில் தொங்கிய சாவிக்கு இருக்கிற விரதம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பின்கட்டில் கக்கூஸ் ஒன்றே ஒன்று. உலை திறந்துவிட்டால் மூடுகிற வரைக்கும் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது எல்லாப் பவுண்டரியிலும் உள்ள சட்டம். இரும்புக் குழம்பு வந்துகொண்டிருக்கும்போது ஆள் நகர்ந்தால் உயிர் போய்விடும். அதை யாரும் குறை சொன்னதில்லை. முன்பெல்லாம் ஒரு தரம் வார்த்து முடித்ததும் அரைமணி ஓய்வு உண்டு. அதற்குள் எல்லோரும் போய்விட்டு வந்து இரண்டாம் தரம் வார்ப்பார்கள். தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் முதலாளி கோவிந்தராஜுலு வடக்கேயிருந்து பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்தார். தை மாதத்திலிருந்து இரண்டு வார்ப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அரைமணி ஓய்வு போயிற்று. கக்கூஸ் கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி முதலாளியின் மைத்துனன் நரசிம்மலுவின் இடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. உலை திறப்பதற்கு முன்னால் கேட்டாலும் அது அங்கிருந்து லேசில் இறங்காது.

பெண்களாவது தண்ணீர் குடிக்காமல் சமாளித்தார்கள். ஆண்களுக்கு அதுவும் முடியாது. இரும்புக் குழம்பை லேடில் என்கிற இருபக்கப் பிடி வாளியில் ஏந்தித் தூக்குகிறவன் உப்புத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கெண்டைக்கால் சுண்டி இழுத்து விழுந்துவிடுவான். குடித்ததில் பாதி வேர்வையாகப் போகும். மீதியை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குத் திறந்த உலை ஒன்றரை மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. லேடிலின் ஒரு முனையில் காளிச்சாமி, மறுமுனையில் தம்பிதுரை. தம்பிதுரை இளவட்டம், வாய்த் துடுக்குக்காரன், ஆனால் வேலை நேரத்தில் காளிச்சாமியின் அடியைப் பார்த்துத்தான் அடி வைப்பான். மணல் அச்சு இறுக்கிய பெட்டிகளில் ஒவ்வொன்றாகக் குனிந்து ஊற்றிக்கொண்டே வந்த காளிச்சாமி ஒரு நடையில் நின்றுவிட்டான்.

"போர்மேனய்யா, சாவி குடுங்க. ஓடிப் போயிட்டு ஓடி வந்தர்றனுங்க."

"இன்னும் எத்தன பொட்டி கெடக்குது?"

"பத்தொம்பதுங்க. அடிவயிறு தெறிக்குதுங்கய்யா."

"பத்தொம்பதையும் ஊத்திப்போட்டுப் போடா. உனக்கொருத்தனுக்கோசரம் ஒலைய மூடச் சொல்றியா?"

காளிச்சாமி முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நடந்து வந்து மறுபடியும் லேடிலைப் பிடித்தான். சின்னாத்தாள் கோர் மேடையிலிருந்து அந்த நடையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத நடையா? அவள் தினமும் வீட்டுக்கு நடக்கிற நடை. எட்டுப் பெட்டி தாண்டியது. ஒன்பதாவதில் அவன் தொடை வெடவெடவென்று ஆடியது. ஊற்றுகிற தாரை அறுந்து அறுந்து விழுந்தது. தாரை அறுந்தால் இரும்பு ஒட்டாது; அந்தப் பம்பு உடம்பு குப்பைக்குத்தான். சிந்திய குழம்பு மணலில் பொரிந்து, ஒரு துளி தம்பிதுரையின் புறங்காலில் தெறித்துத் தோலோடு ஒட்டியது. அவன் பல்லைக் கடித்தானே தவிர லேடிலை விடவில்லை.

நரசிம்மலு வந்தான். அந்தப் பவுண்டரியிலேயே இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் போட்டிருந்தவன் அவன் ஒருவன்தான். எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லித் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒரே ஒரு ஜோடி வந்தது, அது அவன் காலுக்குச் சரியாக இருந்தது. மற்றவர்களுக்கு டயர் செருப்பு. லேடிலைத் தரையில் பதமாக இறக்கி வைக்கிற வரைக்கும் அவன் பொறுத்திருந்தான். இரும்பின் மேல் அவ்வளவு அக்கறை. காளிச்சாமி நிமிர்ந்ததும் அடிவயிற்றில் உதைத்தான்.

ஈரச் சாக்கைத் தடியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். காளிச்சாமி வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. இரண்டாக மடிந்து மணலில் முகம் பட விழுந்தான். விழுந்தவனின் இடுப்பில் இன்னொரு உதை விழுந்தது. சின்னாத்தாள் கையிலிருந்த கோர் நொறுங்கி மடியில் கொட்டியது. அவள் எழுந்து ஓடி வருவதற்குள் நரசிம்மலு இடுப்புச் சாவியை உருவிக் காளிச்சாமியின் முதுகின் மேல் வீசினான்.

"இந்தா, போயிட்டு வா. இனி எவனாச்சும் சாவி கேட்டீங்க, இதேதான்."

முப்பத்து நாலு பேர் வேலை செய்கிற இடம். எல்லோரும் பார்த்தார்கள். உலையிலிருந்து இரும்பு வந்துகொண்டிருந்தது. இன்னொருவன் வந்து லேடிலில் காளிச்சாமியின் முனையைப் பிடித்தான். மிச்சப் பெட்டிகளை ஊற்றினார்கள்.

காளிச்சாமி சுவரைப் பிடித்துப் பிடித்துக் கக்கூஸுக்குப் போனான். வெகுநேரம் கழித்து வந்தான். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது.

"ரெண்டு சொட்டு ரத்தந்தான் வந்துச்சு புள்ள," என்றான் சின்னாத்தாளிடம் மெதுவாக. "அத்தன நேரம் முட்டிக்கிட்டு நின்னது எங்க போச்சுன்னே தெரியல. வலி கூடக் கொறஞ்சாப்பல இருக்குது."

வலி குறைந்தது நல்லதுதானே என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். அங்கேதான் பிசகியது. பவுண்டரிக்காரர்கள் வீட்டில் நீர்க்கடுப்பு என்பது தடுமன் மாதிரி, மாதத்துக்கு ஒரு தரம் யாருக்காவது வரும். அதற்கான வைத்தியம் சின்னாத்தாளுக்குத் தலைகீழ்ப் பாடம். புருசனின் இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் சுண்ணாம்பு தடவினாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். சூடு தணிந்தால் நீர் தானாக இறங்கும் என்று இளநீர் கொடுத்தாள், மோர் கொடுத்தாள், வெந்தயத் தண்ணீர் கொடுத்தாள். அவனும் வாங்கி வாங்கிக் குடித்தான். குடித்ததெல்லாம் உள்ளே போயிற்று, ஒன்றும் வெளியே வரவில்லை. மறுநாள் விடிந்தபோது வயிறு உரலைக் கவிழ்த்த மாதிரி மேடிட்டிருந்தது. தோள்பட்டை வலிக்கிறது என்றான். விக்கல் நிற்கவில்லை. வாந்தி எடுத்ததில் சுண்ணாம்பு பூசிய கால்கள் இரண்டும் வெடுக் வெடுக்கென்று இழுத்தன. தம்பிதுரை எங்கேயோ ஓடி ஒரு டெம்போவைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

பெரியாஸ்பத்திரியில் விபத்து நோட்டு எழுதுகிற மேசைக்குப் பின்னால் கிருபா என்ற பெண் டாக்டர் இருந்தாள். சின்ன வயசு, தூக்கம் பார்த்து இரண்டு நாள் ஆன கண்கள்.

"எப்படி அடிபட்டுச்சு?"

சின்னாத்தாள் வாயைத் திறந்தாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த காளிச்சாமியின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

"மணல் மேட்டுல வழுக்கி உழுந்துட்டனுங்க," என்றான் அவன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் எழுதினாள். ரப்பர்க் குழாய் செலுத்திப் பார்த்ததில் கொஞ்சம் ரத்தம் மட்டும் வந்தது. சாயத் தண்ணீர் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயம் மூத்திரப் பையில் நிற்காமல் வயிறெங்கும் பரவிக் கிடந்தது. ஸ்ட்ரெச்சரை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். காளிச்சாமியின் வயிற்றைத் திறந்தபோது ஒரு குடம் நீர் பீறிட்டு வந்து தரையெல்லாம் ஓடியதாக வார்டு ஆயா வந்து சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அறுவை முடிந்து டாக்டர் வெளியே வந்ததும் சின்னாத்தாள் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தானுங்க கொன்னுபோட்டேன். எளநி எளநியா ஊத்துனனுங்க. சூட்டு வலின்னு நெனச்சுப்போட்டனுங்க."

"எந்திரிங்கம்மா. உசுரு இருக்கு. காய்ச்சல் எறங்கணும், சீழ் வைக்காம இருக்கணும், அதுக்கப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும். ஒரு நாள் தாமதம் பண்ணுனது தப்புதான். ஆனா பையைக் கிழிச்சது இளநீர் இல்ல." டாக்டர் தன் முஷ்டியை மூடிக் காட்டினாள். "மூத்திரப் பை காலியா இருந்தா இத்தனூண்டு. இடுப்பெலும்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும், எவ்வளவு அடிச்சாலும் லேசுல படாது. நெறஞ்சு போச்சுன்னா மேல எழும்பி வயித்துக்கு வந்துரும். அப்ப ஒரே ஒரு அடி போதும், வெடிச்சுரும். இவரு எத்தனை மணி நேரம் அடக்கி வச்சிருந்தாரு?"

"காலையில அஞ்சு மணிக்குப் போனவருங்க. ஒண்ணரை வரைக்கும்."

"ஏன்?"

சின்னாத்தாள் சாவியைப் பற்றிச் சொன்னாள். உதையைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் அவளைக் கைப்பிடித்து எழுப்பினாள்.

"நான் நோட்டுல விழுந்ததாத்தான் எழுதியிருக்கேன். அவரே சொன்னாரு. அதை மாத்தணும்னா இங்க ஆஸ்பத்திரியில இருக்கற போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டு வந்து வாக்குமூலம் எடுக்கணும். அவரு சொல்லணும், இல்ல பாத்தவங்க சொல்லணும். விழுந்ததுன்னே இருந்தா, அந்தாளு மேல ஒரு தூசி விழாது."

அன்றிலிருந்து சின்னாத்தாளுக்கு வேறு நினைப்பே இல்லை. நோட்டில் அந்த ஒரு சொல் மாற வேண்டும். விழுந்தான் என்பது உதைத்தான் என்று ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கும் நரசிம்மலு அதே பூட்ஸோடு, அதே சாவியோடு நடந்துகொண்டிருப்பான். அடுத்தவன் வயிறு எவன் வயிறோ.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கிக் காளிச்சாமிக்குப் பேச்சு வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குழாய், கீழே ஒரு குழாய், கட்டிலில் தொங்குகிற பையில் செம்மண் தண்ணீர் நிறத்தில் சிறுநீர். அவள் குனிந்து காதருகில் கேட்டாள்.

"ஏனுங்க, ஏட்டய்யா வந்தா நெசத்தச் சொல்லுவீங்களா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னத்தச் சொல்றது? அந்த எடத்துல ஒதைச்சான்னு சொல்றதா? நாளைக்கு ரோட்டுல போனா எவனெவனோ சிரிப்பான். இவன் இனி ஆம்பளைதானான்னு கேப்பான்."

"நீங்க என்னத்தக் களவாண்டீங்க? சாவி கேட்டீங்க. ஒண்ணுக்குப் போறதுக்குச் சாவி கேட்டீங்க."

"உடு புள்ள. எனக்கு மானந்தான் மிச்சம் இருக்குது."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. இந்தக் குழாயையும் பையையும் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறவன் எந்த மானத்தைக் காப்பாற்றுகிறான், யாருடைய மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை சிங்காநல்லூர் பஸ்ஸில் ஏறினாள்.

அவள் பவுண்டரிக்குள் நுழைந்தபோது மணி பத்து. உலைக்குள் இரும்பு திரண்டு நின்றது. வாய் திறக்கிற கம்பியோடு தம்பிதுரை தயாராக இருந்தான். ஆர்டர் அவசரத்துக்காக முதலாளி கோவிந்தராஜுலுவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்தக் கரிக்காட்டில் அந்த வெள்ளை எப்படி அழுக்காகாமல் இருக்கிறது என்பது எல்லோருக்கும் ஆச்சரியம்.

"வா கண்ணு," என்றார் உருக்கமாக. "காளிக்கு எப்படி இருக்குது? ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் என்ற பொறுப்பு. மணல்ல வழுக்கி உழுந்துட்டேன்னு அவனே எழுதிக் குடுத்துட்டானாமா. நெம்ப நல்ல பையன். நீ நாளையிலிருந்து வேலைக்கு வந்துரு."

"வாரனுங்க மொதலாளி. தாகமா இருக்குதுங்க. தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?"

"இதென்ன கேள்வி? தண்ணிக்கு யாரு உன்னைய வேண்டாங்கறா?"

அவள் ஆண்களுக்கு வைத்திருந்த உப்புத் தண்ணீர்ப் பானையருகே போனாள். ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்தாள். அந்த இடத்தில் ஒரு பெண் தண்ணீர் குடித்து இத்தனை மாதத்தில் யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது சொம்பும் குடித்தாள். மூன்றாவது பாதியில் மூச்சு வாங்கியது. நிறுத்தி மறுபடியும் குடித்தாள். மணல் சலிக்கிற சத்தம் நின்றுவிட்டது. கழுத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு நரசிம்மலுவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இப்பச் சாவி குடுங்க."

"உனக்கு இன்னிக்கு வேலையே இல்ல, சாவியென்ன சாவி? போ வெளியே!"

"நானும் குடிக்கறேன், இரு புள்ள," என்று ஒரு குரல் வந்தது. தெய்வாத்தாள். ஐம்பதை நெருங்குகிற உடம்பை மணலிலிருந்து ஊன்றித் தூக்கி, பானைக்கு வந்து சொம்பை வாங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும் எழுந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொம்பு கை மாறி மாறிப் போயிற்று. மணலில் மோல்டு என்கிற அச்சுத் தட்டுகிறவர்கள் வந்தார்கள், கரி அள்ளுகிறவர்கள் வந்தார்கள். பானை காலியாகி, குழாயடியிலிருந்து ஒருவன் வாளியில் பிடித்து வந்தான். முதலாளி எழுந்துவிட்டார்.

"என்னடா நாடகம் இது? தம்பிதுரை, ஒலையத் தொற! இரும்பு நிக்குதல்லடா!"

"தொறக்கறனுங்க மொதலாளி. மொதல்ல கக்கூஸத் தொறங்க."

"என்னது?"

"இனி அது பூட்டக் கூடாதுங்க. நடுவுல அரைமணி எங்களுக்குத் திரும்ப வேணுங்க. காளியண்ணன ஒதைச்சது ஒதைச்சதுன்னு எழுதோணுங்க."

நரசிம்மலு சுற்றிலும் பார்த்தான். கசடு வழிக்கிற இரும்புக் கம்பி பக்கத்தில் சாத்தியிருந்தது. அதை எடுத்து ஒரே வீச்சாகத் தம்பிதுரையின் தோளில் இறக்கினான். எலும்பு முறிகிற சத்தம் உலை இரைச்சலையும் மீறிக் கேட்டது. தம்பிதுரை முழங்காலில் விழுந்தான். விழுந்தவனை நோக்கி அந்தப் பூட்ஸ் கால் பின்னால் போயிற்று. அதற்குமேல் முன்னால் வரவில்லை. சின்னாத்தாள் பாய்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தான், கம்பியின் பிடியால் முதுகில் குத்தினான். அவள் விடவில்லை. தெய்வாத்தாள் அடுத்த காலைப் பிடித்தாள். பெண்கள் ஒன்பது பேரும் அவன் மேல் கவிழ்ந்தார்கள். நரசிம்மலு மல்லாந்து விழுந்தான். கம்பி யார் கைக்கோ போயிற்று. ஒருவன் அதை ஓங்கினான்.

"வேண்டாம்!" என்று கத்தினான் தம்பிதுரை, முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு. "அவன அடிச்சா அடிச்சத மட்டுந்தான் எழுதுவாங்க. கீழ போடு."

கம்பி கீழே விழுந்தது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு உலையைச் சுற்றி ஓடினார். "ஒறஞ்சு போயிரும்டா! ஒலையே போச்சுடா! எவனாச்சும் தொறங்கடா!"

உள்ளே இரும்பு உறைந்தால் உலை பாழ். அதைக் குடைந்து எடுக்க உள்ளே போகிறவனும் கூலிக்காரன்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வார்க்காமல் உலையைக் காலி செய்ய ஒரே வழி அடிக்கதவுதான். தம்பிதுரை நல்ல கையை ஊன்றி எழுந்தான். எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னான். நரசிம்மலுவையும் இழுத்துத் தூரத்தில் போடச் சொன்னான். இரண்டு பேர் நீளக் கம்பியால் அடிக்கதவின் முட்டுக்கம்பியைத் தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்றாவது தட்டில் முட்டு தெறித்தது. அடிக்கதவு பிளந்து, நெருப்பும் கரியும் கசடும் இரும்பும் சேர்ந்து இடி விழுந்த மாதிரி கீழே கொட்டின. அனல் எல்லோர் முகத்தையும் அறைந்தது. ஒரு நாள் வார்ப்பு முழுக்க மணலில் சிவந்து பரவிக் கிடந்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டையில் அப்போதுதான் கரி ஒட்டியது.

கக்கூஸ் பூட்டைத் தெய்வாத்தாள் சுத்தியலால் உடைத்தாள். பெண்கள் முதலில் போனார்கள். அவசரப்படாமல், ஒருவர் பின் ஒருவராக, பட்டப்பகலில் போய்விட்டு வந்தார்கள். "எல்லாரும் வேலைக்கு வெளியதான்டா! கேட்டப் பூட்டறேன் பாரு!" என்று முதலாளி பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

மூன்று பேர் மட்டும் முதலாளியோடு தங்கிவிட்டார்கள். மற்றவர்கள் பஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள். தம்பிதுரையின் தோளுக்கு மாவுக்கட்டுப் போட்டு முடிக்க நாலு மணி ஆயிற்று. பார்வையாளர் நேரமும் அதுதான். டாக்டர் சொல்லியனுப்பிய அவுட்போஸ்ட் ஏட்டு நோட்டோடு வந்து காளிச்சாமியின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை பேர் வார்டுக்குள் கூடாது என்று நர்ஸ் விரட்டப் பார்த்தாள். "நிக்கட்டும் சிஸ்டர்," என்றாள் டாக்டர் கிருபா. வாசலிலிருந்து வராந்தா முழுக்க வரிசை நீண்டிருந்தது.

"விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கப்பா. மாத்தறதுன்னா இப்பச் சொல்லு," என்றார் ஏட்டு. "எங்க அடிச்சான், எதுக்கு அடிச்சான்?"

காளிச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வார்டே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது.  சின்னாத்தாள் அவனைத் தூண்டவில்லை.  இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

"என்றத எழுதுங்க ஏட்டய்யா," என்றான் தம்பிதுரை. "தை மாசம் என்னைய ஒதைச்சானுங்க. இதே எடத்துல. சாவி கேட்டதுக்குத்தான். மூணு நாளு ரத்தமாப் போனனுங்க. என்ற சம்சாரத்துகிட்டக் கூடச் சொல்லலீங்க."

காளிச்சாமியின் தலை மெதுவாகத் திரும்பியது.

"என்னைய முட்டிக்கால்ல இடிச்சானுங்க," என்றான் கரி அள்ளுகிற கதிரேசன். பேசவே பேசாத மனிதன் அவன். "பொங்கல் கழிஞ்ச மறுவாரம். அப்ப இருந்து ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுங்க."

தெய்வாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தவள் அதை எடுத்துவிட்டாள்.

"நான் ஒரு நாளு அடக்க முடியாம ஒக்காந்த எடத்துலயே போயிட்டனுங்க, சீலையோட. ஆருக்கும் தெரியக்கூடாதுன்னு மணலக் கொட்டி மூடி, அது மேலயே சாயந்தரம் வரைக்கும் ஒக்காந்து கோர் புடிச்சனுங்க. அதையும் எழுதுங்க. எழுதறதுக்கு நீங்க வெக்கப்பட்டா நான் இன்னொருக்காச் சொல்றேன்."

வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஏட்டு பேனாவை நோட்டில் வைத்தபடி எழுதாமல் இருந்தார்.

"நான் உழுகலீங்க," என்றான் காளிச்சாமி.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. பிறகு தெளிந்தது. "போர்மேன் நரசிம்மலு ஒதைச்சானுங்க. அடிவயித்துல, ஒண்ணுக்குப் பையில. பூட்ஸுக் காலோட. எட்டரை மணி நேரம் அடக்கிட்டு நின்னு சாவி கேட்டனுங்க. அதுக்குத்தான் ஒதைச்சான். மானம் போகுதேன்னு உழுந்ததாப் பொய் சொல்லிப்போட்டனுங்க. மாத்தி எழுதுங்க."

ஏட்டு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டான் காளிச்சாமி. படித்தார். கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன் என்று குளுக்கோஸ் ஊசி குத்திய கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டான்.

பவுண்டரி கேட்டைப் பூட்டி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், முதலாளி ஸ்டேஷனில் ஆள்களின் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி அதற்குள் வராந்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. நாளைக்கு அடுப்பு எரியுமா என்று யாருக்கும் தெரியாது. காளிச்சாமியின் குழாய் எப்போது கழலும் என்றும் தெரியாது. வரிசையை விட்டு ஒருவரும் நகரவில்லை.

"ரெண்டு சாட்சி போதும்மா," என்றார் ஏட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே.

"எங்களுக்குப் போதாதுங்க," என்றாள் சின்னாத்தாள். நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னால் வைத்தாள். "சின்னாத்தா. கோர் புடிக்கறவ. நானும் பாத்தனுங்க. அன்னிக்கு இதே ஆஸ்பத்திரியில அவரு பொய் சொன்னப்ப நானும் வாய மூடிட்டு நின்னனுங்க. அதையும் சேத்தி எழுதுங்க."

ஏட்டு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் புதுப்பக்கம் திருப்பினார்.